நன்றிக்கும் சாபத்துக்கும் ஒரே அச்சு

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நண்பர் ஒருவர் மெர்சேதெஸ் சோசா பாடிய ‘கிராசியாஸ் ஆ லா வீதா’ என்ற ஸ்பானியப் பாடலை அனுப்பியிருந்தார். பொருள் தெரியாமலேயே இரண்டு மூன்று நாட்கள் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவரே அதை ஆங்கிலம் வழியாகத் தமிழில் பெயர்த்துத் தந்தார். ‘வாழ்க்கைக்கு நன்றி, அது எனக்கு எவ்வளவோ தந்தது’ என்று தொடங்கி, இரு கண்கள் தந்தது, காது தந்தது, கால்கள் தந்தது, இதயம் தந்தது என்று போகிறது. உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இது வெறும் பட்டியல்தானே, இதில் கவிதை எங்கே இருக்கிறது என்று தோன்றியது.

அதன் பிறகுதான் இதை எழுதியவர் சோசா அல்ல, சிலி நாட்டின் வியோலெத்தா பார்ரா என்பதும், பாடல் இசைத்தட்டாக வந்த சில மாதங்களிலேயே, 1967 பிப்ரவரி 5 அன்று, 49ஆம் வயதில் அவர் தற்கொலை செய்துகொண்டார் என்பதும் தெரிந்தது. இப்போது அந்தப் பாட்டைப் போட்டாலே மனம் ஒட்ட மறுக்கிறது. என் தங்கை ‘அப்படியென்றால் அந்த நன்றி பொய்’ என்கிறாள். நண்பர் ‘அது விடைபெறும் கடிதம்’ என்கிறார். நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
க., திருச்சி

---

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பட்டியல் எப்படிக் கவிதையாகும் என்பது ஒன்று. நன்றி சொன்னவர் ஏன் போனார் என்பது மற்றொன்று. முதல் கேள்வியை நீங்கள் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள், இரண்டாவதுதான் உங்களை உறுத்துகிறது. ஆனால் முதல் கேள்வியின் வழியாகப் போனால்தான் இரண்டாவதற்குப் பக்கத்திலாவது போய் நிற்க முடியும் என்பது என் எண்ணம்.

நானும் உங்கள் நண்பர் சொன்னதைத்தான் ஒருகாலத்தில் சொன்னேன். பல ஆண்டுகளுக்கு முன், இருபது பேர்கூட வராத ஒரு கூட்டத்தில் இந்தப் பாடலைப் பற்றிப் பேசி, இது ஒரு மரண சாசனம் என்று முடித்தேன். அவையில் நல்ல அமைதி. எனக்கும் திருப்தி. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது முதியவர் ஒருவர் வந்து, ‘அந்த அம்மாள் வேறு என்னவெல்லாம் எழுதியிருக்கிறார்?’ என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரே ஒரு பாட்டையும் ஒரே ஒரு சாவையும் தெரிந்து வைத்துக்கொண்டு ஒரு வாழ்க்கையை விளக்கியிருந்தேன். அந்தக் கூச்சத்தில்தான் அவரைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

வியோலெத்தா 1917 அக்டோபர் 4 அன்று தென் சிலியின் ஞூப்ளே பகுதியில் பிறந்தார். அந்த நாளைத்தான் இன்று சிலி தன் இசையின் நாளாகக் கொண்டாடுகிறது. தந்தை இசை கற்பித்த பள்ளி ஆசிரியர். தாய் கிளாரிசா கிராமத்துப் பெண், தையல்காரர், கித்தார் மீட்டிப் பாடத் தெரிந்தவர். சிறுவயதில் வந்த அம்மை வியோலெத்தாவின் முகத்தில் தழும்புகளை விட்டுச் சென்றது. 1920களின் இறுதியில், கார்லோஸ் இபான்யெஸின் ஆட்சிக் காலத்தில், தந்தைக்கு வேலை போனது. சில ஆண்டுகளில் அவரும் போய்ச் சேர்ந்தார். தாயின் தையல் இயந்திரம் போதாமல் பிள்ளைகள் ரயிலிலும் சந்தையிலும் சர்க்கஸ் கொட்டகையிலும் பாடிச் சில்லறை சேர்த்தார்கள். அண்ணன் நிக்கானோர் பார்ரா மட்டும் படித்து மேலே வந்து, இயற்பியல் பேராசிரியராகவும், பின்னர் ஸ்பானிய மொழியின் பெரிய கவிஞர்களில் ஒருவராகவும் ஆனார். தங்கையைத் தலைநகர் சாந்தியாகோவுக்கு அழைத்து வந்தவரும் அவரே.

தலைநகரில் வியோலெத்தா தன் சகோதரி இல்தாவோடு சேர்ந்து மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் அன்றைக்கு எடுபட்டதையெல்லாம் பாடினார். மெக்சிகோ பாட்டு, பொலேரோ, வானொலியில் கேட்ட எதுவானாலும் சரி. ரயில்வே தொழிலாளி ஒருவரை மணந்து, இசபெல், ஆங்கெல் என்ற இரு பிள்ளைகளைப் பெற்று, அந்த மணம் முறிந்து, இரண்டாவது மணமும் நடந்துவிட்டிருந்தது. அதுவரை அவரை யாரும் கவிஞர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். முப்பத்தைந்து வயதை ஒட்டி, அண்ணனின் தூண்டுதலில், அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கித்தாரையும் எடுத்துக்கொண்டு சாந்தியாகோவின் ஓரங்களிலும் சுற்றியுள்ள நாட்டுப்புறங்களிலும் முதியவர்களைத் தேடி நடக்க ஆரம்பித்தார். என் பார்வையில் அவருடைய எழுத்து வாழ்க்கையின் பிறப்பு அதுதான். நீங்கள் கேட்ட பாட்டின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

அந்த முதியவர்களிடம் இருந்தது ‘கவிஞர் பாட்டு’ என்று அழைக்கப்படும் ஒரு பழைய மரபு. தெய்வத்தைப் பாடுவது ஒரு கிளை, மனிதரைப் பாடுவது மறு கிளை. இரண்டுக்கும் அச்சு ஒன்றே. தெசிமா என்ற அந்த யாப்பு 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வடிவம் பெற்று, கடல் கடந்து வந்து, ஏட்டுக் கவிஞர்கள் அதைப் பெரும்பாலும் மறந்த பிறகும் சிலியின் எழுத்தறியாத உழவர்களின் வாயில் உயிரோடு இருந்தது. ஒவ்வொன்றும் எட்டு அசை கொண்ட பத்து அடிகள். முதல் அடியோடு நான்காவதும் ஐந்தாவதும் இறுதியில் ஒலி ஒத்துவர வேண்டும். இரண்டாவதோடு மூன்றாவது, ஆறாவதோடு ஏழாவதும் பத்தாவதும், எட்டாவதோடு ஒன்பதாவது. நமக்கு அடியின் தலையில் எதுகை இனிப்பதுபோல் அவர்களுக்கு அடியின் கடைசியில் இயைபு இனிக்கிறது. புவெந்தே ஆல்தோ பக்கத்தில் இசாயியாஸ் அங்குலோ என்ற முதியவரிடம் வியோலெத்தா இந்தப் பாடல்களையும், 25 கம்பிகள் கொண்ட கித்தார்ரோன் என்ற கனத்த வாத்தியத்தையும் கற்றுக்கொண்டார். ஊரார் அந்த முதியவரைத் ‘தீர்க்கதரிசி’ என்று அழைத்தார்கள். பின்னாளில் வியோலெத்தா தன் வாழ்க்கை வரலாற்றையே, அம்மைத் தழும்பு உட்பட, தெசிமாக்களாக எழுதினார். அவர் இறந்த பிறகு 1970இல் அது நூலாக வந்தது.

அவருக்குப் பாட்டுச் சொன்னவர்களில் ரோசா லோர்கா என்ற மருத்துவச்சியும் ஒருவர். பிரசவம் பார்ப்பதோடு இன்னொரு வேலையும் அவருக்கு இருந்தது. இறந்துபோன சிறு குழந்தைகளைச் சடங்குக்கு ஆயத்தம் செய்வார். சிலியின் நாட்டுப்புறத்தில் குழந்தை இறந்தால் அது ‘ஆங்கெலித்தோ’, அதாவது சின்னத் தேவதை. வெள்ளுடை உடுத்தி, காகிதச் சிறகு கட்டி, பூக்களுக்கு நடுவே பீடத்தில் உட்கார வைத்து, விடிய விடியப் பாடகர்கள் முறை வைத்துப் பாடுவார்கள். தாய் அழக்கூடாது என்பது நம்பிக்கை. கண்ணீர் பட்டுச் சிறகு நனைந்தால் குழந்தையால் வானத்துக்கு எழும்ப முடியாதாம். விடியற்காலையில் பாடகர் குழந்தையின் குரலாகவே மாறி, ‘அம்மா, நான் வருகிறேன்’ என்று விடைபெறும் பாட்டைப் பாடுவார். அழுகையைத் தடை செய்துவிட்டு, அந்த இடத்தில் பாட்டை வைத்த சடங்கு இது.

1955இல் வார்சாவில் நடந்த உலக இளைஞர் விழாவுக்கு வியோலெத்தாவுக்கு அழைப்பு வந்தது. கைக்குழந்தை ரோசித்தா கிளாராவை வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டார். சில வாரங்களில் குழந்தை இறந்துவிட்டது. அவர் உடனே திரும்பவில்லை. 1956 இறுதிவரை ஐரோப்பாவில், பெரும்பாலும் பாரிஸில், பாடிக்கொண்டும் இசைத்தட்டு பதிந்துகொண்டும் இருந்தார். இதற்காக அவரைக் கடிந்து எழுதியவர்கள் உண்டு. அந்த நீதிமன்றத்தில் எனக்கு வேலை இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் குழந்தைக்காக அவர் எழுதிய பாட்டு. ‘நான் இங்கிருந்து புறப்பட்டபோது என் பாப்பாவைத் தொட்டிலில் விட்டுப் போனேன், நிலா அம்மா பார்த்துக்கொள்வாள் என்று நம்பினேன்’ என்று அது தொடங்குகிறது. மரபுப்படி இதில் பேச வேண்டியது குழந்தை. இவரோ தாயைப் பேச விடுகிறார். யாப்பு பழையது, சடங்கு பழையது, பேசும் வாய் மட்டும் மாறிவிட்டது. அழத் தடை விதிக்கப்பட்டவளே பாடுகிறாள். வியோலெத்தாவின் கவித்துவம் எதில் இருக்கிறது என்று கேட்டால் நான் முதலில் இந்த மாற்றத்தைத்தான் காட்டுவேன். இங்கே புதிய வடிவத்தைத் தேடி அவர் அலையவில்லை. தாத்தா பாட்டிகளிடம் வாங்கிய அச்சிலேயே யார் யாரிடம் பேசுவது என்பதை மாற்றி வைத்தார்.

நடுவில் உள்ள ஆண்டுகளை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 1950களின் இறுதியில் மஞ்சள் காமாலை வந்து மாதக்கணக்கில் படுத்தபோது, சும்மா இருக்க முடியாமல் சாக்குத் துணியில் கம்பளி நூலால் உருவங்கள் தைக்கத் தொடங்கினார். அர்பியேரா எனப்படும் அந்தத் தையல் ஓவியங்கள் 1964இல் பாரிஸின் லூவ்ர் அரண்மனையிலுள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அவற்றின் படங்களை நீங்கள் பார்க்க வேண்டும். தூரம் கிட்டம் என்ற கணக்கே இல்லாமல், பறவை, கித்தார், குதிரை வீரன், பிணம், பூ எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் ஒரே அளவு கவனத்தோடு தைக்கப்பட்டிருக்கும். தையலிலும் அவர் பட்டியல்தான் போட்டிருக்கிறார்.

1960இல் ஜில்பேர் ஃபாவ்ர் என்ற சுவிஸ் இசைக்கலைஞர் அவர் வாழ்க்கையில் வந்தார். பல ஆண்டுகள் சேர்ந்திருந்த பிறகு ஃபாவ்ர் பொலிவியாவுக்குப் போய்விட்டார். ‘ருன் ருன் வடக்கே போய்விட்டான்’ என்ற பாட்டு அந்தப் பிரிவைப் பற்றியது. 1965 இறுதியில் சாந்தியாகோவின் விளிம்பில் லா ரெய்னா என்ற இடத்தில் சர்க்கஸ் கூடாரம் போன்ற பெரிய கூடாரம் ஒன்றை வியோலெத்தா எழுப்பினார். அங்கேயே குடியிருந்து, அங்கேயே சமைத்து வந்தவர்களுக்குப் பரிமாறி, அங்கேயே பாடினார். அதை நாட்டார் கலைகளின் பல்கலைக்கழகமாக்க வேண்டும் என்பது கனவு. இடம் தொலைவு, வந்த கூட்டம் குறைவு. நகரத்துக்குள் அவர் பிள்ளைகள் இசபெலும் ஆங்கெலும் நடத்திய பாட்டு இல்லத்தில் இளைஞர்கள் நிரம்பி வழிந்தார்கள். அம்மாவின் கூடாரத்தில் பல இரவுகள் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. அந்தக் காலத்தில் உருவானதுதான் 1966இல் வந்த ‘கடைசி இயற்றல்கள்’ என்ற இசைத்தட்டு. அதில் 14 பாடல்கள். முதல் பாடல் ‘கிராசியாஸ் ஆ லா வீதா’.

இனிப் பாட்டுக்கு வருவோம். முதலில் காது. ஸ்பானியம் தெரியாவிட்டாலும் அடிகளின் கடைசிச் சொற்களை மட்டும் கவனித்துக் கேளுங்கள்: தாந்தோ, ஆப்ரோ, பிளாங்கோ, எஸ்த்ரெயாதோ, ஆமோ. கடைசியில் தனித்து வரும் நன்றிச் சொல்லை விட்டுவிட்டால் பாட்டில் 31 அடிகள். அத்தனையும் ‘ஆ’வில் ஊன்றி ‘ஓ’வில் முடிகின்றன. தெசிமாவில் நான்கு வகை இயைபு மாறி மாறி வரும். இங்கே ஒரே ஒலி, ஆரம்பம் முதல் கடைசி வரை. இது சொல்லாட்சியைக் காட்டும் வித்தை என்றால் பத்து அடியில் சலித்துவிடும். சலிக்காததற்குக் காரணம், ஒவ்வொரு பத்தியும் ‘எவ்வளவோ தந்தது’ என்ற அதே சொல்லில் தொடங்குவதால், அந்த ‘எவ்வளவோ’வின் ஒலி கீழே வரும் எல்லாப் பொருளின் மேலும் படிந்துவிடுகிறது. நட்சத்திரமும் அதே ஒலியில் முடிகிறது, குட்டையும் அதே ஒலியில் முடிகிறது. பட்டியல் அங்கே இசையாகிவிடுகிறது.

அடுத்து, பட்டியலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் நண்பர் ‘இரு கண்கள்’ என்று எழுதியிருக்கிறார். மூலத்தில் கண் என்ற சொல்லே அந்த இடத்தில் இல்லை. ‘லூசேரோஸ்’ என்று இருக்கிறது. விடிவெள்ளியைக் குறிக்கும் சொல். இரண்டு விடிவெள்ளிகளைத் திறந்தால் கறுப்பையும் வெள்ளையையும் பிரித்தறிய முடிகிறது, உயர வானத்தின் அடியாழத்து விண்மீன்கள் தெரிகின்றன, மக்கள் திரளில் நான் நேசிக்கும் ஆள் தெரிகிறான். முகத்தில் இரண்டு மீன்கள் இருப்பதால்தான் வானத்து மீன்களைப் பார்க்க முடிகிறது என்ற அந்த உறவு ‘கண்’ என்று எழுதிய உடனே போய்விடுகிறது. செவிக்கான பத்தியில் சில்வண்டும் கேனரிப் பறவையும் வருகின்றன, அதற்கு அடுத்த அடியிலேயே சுத்தியல், டர்பைன், நாய்க்குரைப்பு, திடீர் மழை. நாட்டுப்பாட்டு என்றால் குயிலும் அருவியும்தான் என்று நினைக்கும் ஆட்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். டர்பைனுக்கு நன்றி சொன்ன நாட்டுப்பாடகி இவர். மூன்றாவது பத்தியில் நன்றி எழுத்து வரிசைக்கு. எழுத்தறியாத முதியவர்களின் பாட்டை நோட்டில் எழுதி எழுதிச் சேர்த்த ஒரு பெண் அகர வரிசைக்கு நன்றி சொல்வதன் எடையை நீங்கள் இப்போது உணர்வீர்கள் என்று நினைக்கிறேன். நான்காவதில் களைத்த கால்கள். நகரங்கள், குட்டைகள், கடற்கரைகள், பாலைகள், மலைகள், சமவெளிகள், கடைசியில் உன் வீடு, உன் தெரு, உன் முற்றம். உலகமே சுருங்கி ஒரு முற்றத்துக்குள் வந்து நிற்கிறது.

நான் பல தடவை கேட்ட பிறகே கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். முதல் ஐந்து பத்திகளில் ஒவ்வொன்றின் கடைசி அடியிலும் காதலன் வந்து உட்காருகிறான். முதல் மூன்றில் அவன் படர்க்கை: நான் நேசிக்கும் ஆள், என் அன்பனின் மென்குரல், நான் நேசித்துக்கொண்டிருப்பவனின் ஆன்மாவுக்கு வழி. நான்காவதில் சட்டென்று முன்னிலை: உன் முற்றம். ஐந்தாவதில் இன்னும் நெருங்கி, உன் தெளிந்த கண்களின் ஆழம். இங்கேதான் முதன்முறையாகக் கண் என்ற சொல் வருகிறது. அதுவும் அவனுடைய கண். ஆறாவது பத்தியில் சிரிப்பும் அழுகையும் வருகின்றன, என் பாட்டைச் செய்யும் இரண்டு பொருட்கள் என்று. கடைசி அடியில் அவன் வர வேண்டும். வரவில்லை. அந்த இடத்தில் ‘உங்கள் பாட்டு, அதுவும் இதே பாட்டு, எல்லோருடைய பாட்டு, அது என் சொந்தப் பாட்டு’ என்று முடிகிறது. அவன், நீ, நீங்கள், எல்லோரும். ஒருவனை விட்டுவிட்டு எல்லோரிடமும் போய்ச் சேரும் பயணம் பிரதிப்பெயர்களில் நடந்து முடிகிறது. பட்டியலின் ஒரே இருக்கையை ஆறாவது முறை காலியாக விட்டு, அதில் ஊரை உட்கார வைத்திருக்கிறார். கவிதை எங்கே என்று கேட்டீர்களே, எனக்கு அது அந்த இருக்கையில் இருக்கிறது.

இப்போது உங்கள் தங்கையின் கேள்வி. அதே இசைத்தட்டில் ‘மால்தீகோ தெல் ஆல்தோ சியேலோ’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. உயர வானத்தில் உள்ளதைச் சபிக்கிறேன் என்று பொருள். இது தெசிமா யாப்பிலேயே அமைந்தது, ஒவ்வொரு பத்து அடிக்குப் பிறகும் ‘என் வலி எவ்வளவு இருக்கும்’ என்று ஓர் அடி கூடுதலாக வருகிறது. வானத்து மீனையும் அதன் ஒளியையும் சபிக்கிறார். ஓடையின் மினுக்கத்தை, கல்லை, அடுப்பின் நெருப்பைச் சபிக்கிறார். வசந்தத்தையும் பூத்த தோட்டங்களையும் மலைத்தொடரையும் சபிக்கிறார். காதல் என்ற சொல்லை அதன் எல்லா அழுக்கோடும் சேர்த்துச் சபிக்கிறார். கடைசிப் பத்தியில் வெள்ளையை, கறுப்பை, மஞ்சளை, ஆயரை, பூசைக்கு உதவும் பையனை, அமைச்சரை, போதகரை எல்லாம் அழுதுகொண்டே சபித்து, கிரேக்கத்திலும் ஸ்பானியத்திலும் என் சாபத்தைப் போடுகிறேன் என்கிறார். காரணம் ஒரே ஒரு துரோகி.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அதே ‘ஆல்தோ சியேலோ’, அதே உயர வானம் இரண்டிலும். ஒன்றில் அதன் மீன்களுக்கு நன்றி, மற்றதில் சாபம். ஒன்றில் கறுப்பு வெள்ளையைப் பிரித்தறிய முடிந்ததற்கு நன்றி, மற்றதில் கறுப்பும் வெள்ளையும் ஒரே சாபத்தில். ஒன்றில் சொற்களைத் தந்ததற்கு நன்றி, மற்றதில் ஒரு சொல்லுக்கே சாபம். இரண்டிலும் நடுவில் ஓர் ஆண், சுற்றிலும் பிரபஞ்சம் முழுவதும். உங்கள் தங்கையின் கணக்குப்படி நன்றி பொய் என்றால் இந்தச் சாபம் உண்மையாக இருக்க வேண்டும். நண்பரின் கணக்குப்படி நன்றி விடைபெறும் கடிதம் என்றால் சாபத்தை எந்த உறையில் போடுவது? ஒருவரே, ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே அச்சில் இரண்டையும் வார்த்திருக்கிறார். வாழ்த்துவதற்கும் சபிப்பதற்கும் ஒன்று விடாமல் எண்ணிச் சொல்வதே முறை என்று அந்த நாட்டுப்புறப் பாடகர்களிடம் அவர் கற்றிருந்தார். சிரிப்பும் அழுகையும் இரண்டு ‘பொருட்கள்’ என்று அவர் சொன்னதைத் தச்சர் மரத்தைச் சொல்வதுபோல எடுத்துக்கொள்ள வேண்டும். பாட்டு செய்வது அவருக்குக் கைவேலை. உளமார்ந்து செய்த கைவேலைதான், ஆனால் அதைப் பிரித்து மருத்துவ அறிக்கைபோல வாசிக்க முடியாது.

அந்த இசைத்தட்டில் வேடிக்கையும் இருக்கிறது. கிளர்ச்சிப் பாட்டுகள் மக்களுக்கு ஆபத்தா என்று தன்னைக் கேட்டவர்களுக்குப் பதிலாக ஒரு பாட்டு, ‘மசூர்கிகா மொதேர்னிகா’. ஏறக்குறைய எல்லாச் சொல்லுக்கும் ‘இகா’, ‘இகோ’ என்று வால் ஒட்டி, மனிதர்களை ‘பெர்சோனிகாஸ்’ என்றும் பாட்டுகளை ‘கன்சியோனிகாஸ்’ என்றும் ஆக்கி, கேள்வி கேட்ட கனவான்களைக் கிண்டலடிக்கிறார். ‘ரின் தெல் ஆங்கெலித்தோ’வில் மறுபடியும் இறந்த குழந்தை. உடல் இறந்ததும் உயிர் ஒரு கசகசாப் பூவுக்குள்ளோ சின்னப் பறவைக்குள்ளோ இடம் தேடிக்கொள்கிறது என்கிறார். ரோசா லோர்காவின் முற்றத்தில் கேட்டது பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்தும் அவரை விடவில்லை. சாவு முன்கூட்டியே எழுதிவைத்திருந்த தட்டு இது என்று யாராவது சொன்னால், இந்த இகா இகோக்களை என்ன செய்வீர்கள் என்று நான் கேட்பேன்.

அவர் ஏன் போனார் என்பதற்கு நூல்கள் பல காரணங்களை வரிசைப்படுத்துகின்றன. பிரிவு, கூடாரத்தின் தோல்வி, கடன், களைப்பு. அந்த ஒரு பட்டியலை மட்டும் நான் நீட்ட மாட்டேன். தற்கொலைக்குக் காரணம் ஒன்று, இரண்டு என்று எண்ணி எடுக்கும்படி இருப்பதில்லை என்பதை வீட்டில் ஒருவரை அப்படி இழந்தவர்கள் அறிவார்கள். நானும் அறிவேன். 1967 பிப்ரவரியின் அந்த ஒரு மாலை அவருடைய 49 ஆண்டுகளின் பொருளுரை ஆகிவிடாது. அதிலிருந்து பின்னோக்கி நடந்து ஒவ்வொரு பாட்டிலும் தடயம் தேடினால், தடயம் கிடைக்கத்தான் செய்யும். தேடுகிறவருக்கு எதில்தான் கிடைக்காது? ஆனால் அப்போது டர்பைன் கேட்காது, குட்டை தெரியாது, முற்றமும் தெரியாது.

நீங்கள் முதலில் கேட்டது சோசாவின் குரல் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அர்ஜென்டினாவின் அந்தப் பெருங்குரல் 1971இல் வியோலெத்தாவின் பாடல்களுக்காகவே ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. 1973இல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, பாடகர்கள் கொல்லப்பட்டும் நாடு கடந்தும் போன பிறகு, இந்தப் பாட்டு இழந்த நாட்டின் பாட்டாகவும் ஆகிவிட்டது. 1974இல் அமெரிக்காவின் ஜோன் பயஸ் தன் ஸ்பானிய இசைத்தட்டுக்கு இதையே பெயராக வைத்தார். சோசா பாடும்போது குரல் பத்திக்குப் பத்தி ஏறி, கடைசியில் அரங்கத்தையே தூக்குகிறது. குறை சொல்லவில்லை, நானும் அதில் கண் கலங்கியவன்தான். ஆனால் வியோலெத்தாவின் சொந்தப் பதிவில் அந்த ஏற்றம் இல்லை. சராங்கோ என்ற சின்னத் தந்தி வாத்தியம் விடாமல் ஓடிக்கொண்டிருக்க, மேலே ஒரு வறண்ட, நேரான குரல். எதையும் அழுத்துவதில்லை. காதலனுக்கும் நாய்க்குரைப்புக்கும் ஒரே தொனி. சந்தையில் சாமான்களை எண்ணிக் கொடுப்பவள்போல, கவனமாக, ஒன்றும் விட்டுப்போகாமல் சொல்லிக்கொண்டு போகிறார்.

முதலில் அந்தப் பதிவைக் கேளுங்கள், உடனே சாபப் பாட்டையும் கேளுங்கள், இடையில் வேறெதுவும் வேண்டாம். தங்கையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நண்பரிடம் அந்த ‘இரு கண்கள்’ என்பதை மாற்றச் சொல்லுங்கள். ஐந்தாவது பத்தியில் வரும் கண்களை மட்டும் கண்களாகவே விட்டுவிடட்டும்.

அன்புடன்.